குத்திப் பார்க்காமல் ஏலம் இல்லை

அந்தத் தானிய மண்டியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. வெண்கலம் என்று கேட்டால் மூட்டை தூக்குகிறவர் முதல் முதலாளி வரைக்கும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். ஏலம் நடக்கும் நேரமாக இருந்தால் அந்தச் சிரமமும் வேண்டியதில்லை. வாசலில் லாரிக்குள் உட்கார்ந்தபடியே அவள் எந்த மூலையில் நிற்கிறாள் என்று சொல்லிவிடலாம். அப்படி ஒரு குரல். முதலாளி ஒருமுறை ஆசை ஆசையாக மைக் ஒன்று வாங்கி வந்தார். அவள் அதை வாங்கி எடை மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது. எடை போடுகிறவர் அதன் மேல் தன் துண்டைப் போடுகிறார்.

அந்த எடைக்காரர் வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர்தான். அவள் பேசுவதில் பத்தில் ஒரு பங்கு கூடப் பேசமாட்டார். ஆனால் மண்டியில் அவளை நிறுத்தக்கூடிய கை அவருடையது ஒன்றுதான். மேடையில் மூட்டை ஏறியதும், முள் ஆடி நிற்கும்வரை உள்ளங்கையை உயர்த்திப் பிடிப்பார். அந்தக் கை உயர்ந்துவிட்டால் சுற்றி நிற்கிறவர்கள் மேடையைத் தொடக்கூடாது, பக்கத்தில் நடக்கக்கூடாது, கத்தக்கூடாது. வெண்கலமும் வாயை மூடிக்கொள்வாள். கை இறங்கிய பிறகுதான் உலகம் மறுபடி ஓடும்.

ஏலம் விடுவதற்காக அவளை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. கீழே சிந்திய தானியத்தைக் கூட்டிப் புடைக்கத்தான் வந்தாள். ஒருநாள் ஏலக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. வியாபாரிகள் கிளம்பத் தயாரானார்கள், முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவள் முறத்தைக் கூடக் கீழே வைக்காமல் மூட்டை மேல் ஏறி, "சோளம், முதல் அடுக்கு, கேளுங்க!" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "சிரிச்சு முடிச்சவங்க விலை சொல்லுங்க" என்றாள். சிரித்தவர்களில் ஒருவர் பாவம், பழக்க தோஷத்தில் விலை சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு மூட்டை மேல் ஏறியவள் பிறகு இறங்கவே இல்லை.

அவளிடம் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. குத்திப் பார்க்காத மூட்டையை ஏலம் விடமாட்டாள். குத்தூசி என்பது உள்ளே குழிவான ஒரு இரும்புக் குச்சி. சாக்கைக் கிழிக்காமல் உள்ளே போய் ஒரு பிடி தானியத்தோடு வெளியே வரும். மேலே ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மழைக்கறை படிந்து பார்க்கவே சகிக்காத மூட்டைக்குள் முத்து முத்தாகப் பயறு இருந்ததும் உண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்ற மூட்டைக்குள் வண்டு ஊர்ந்ததும் உண்டு. இரண்டாவது பிடிவாதம், மூன்றாவது தரத்தை அவள் சுலபத்தில் சொல்லமாட்டாள். "ஒருதரம்… ரெண்டுதரம்…" என்று விட்டு வாயை மூடி, கூட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் கண்ணாலேயே துழாவுவாள். மூணுதரம் என்று சொல்லிவிட்டால் சரக்கு கைமாறிவிடும். அப்புறம் பேச ஒன்றுமில்லை. அதனால் விலை படிகிற வரைக்கும் அவள் வாயிலிருந்து அது வராது.

இந்தத் தொழிலால் ஒரு பழக்கமும் தொற்றிக்கொண்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும், துணி மடிக்கும்போதும், மனத்துக்குள் ஏலம் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் வராது, ஆனால் தொண்டை மட்டும் ஏறி இறங்கும். எடைக்காரர் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்தா, கொஞ்சம் இப்படித் திரும்பு. உன் கழுத்துல என்னமோ ஒண்ணு கூடவே ஏறி இறங்குது."

"உங்க கண்ணுல கோளாறு" என்றாள். கண்ணாடி முன்னால் போய் நின்று எச்சிலை விழுங்கினாள். வலது பக்கத்தில், கோலிக்குண்டு அளவுக்கு, அது ஏறி இறங்கியது.

ஸ்கேன் எடுத்தார்கள். இருட்டு அறை, கழுத்தில் சில்லென்ற பசை, அதன் மேல் இழுபடும் ஒரு கருவி. தைராய்டில் கட்டி, ஓரம் ஒழுங்காக இல்லை, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள், சந்தேகப்பட வேண்டியது என்று எழுதிக் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாத்தனார் களத்தில் இறங்கினார். எடைக்காரருக்கு அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். எந்த உறுப்புக்கு எந்த டாக்டர் என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துணிக்கு அளவெடுக்கும்போதே வாடிக்கையாளர்களின் நோய்களையும் அளவெடுத்துவிடுவார். நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசு யாரையும் வாய் திறக்க விடாது. தனக்குத் தெரிந்த ஒரு அறுவை மருத்துவரிடம் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பாக்கறதுக்கு கேன்சர் மாதிரிதான் இருக்கு. ஊசி வச்சும் பாக்கலாம், ஆனா அதுலயும் சில சமயம் தெளிவா வராது. நாள்தான் போகும். முழு தைராய்டையும் எடுத்துட்டா கவலை விட்டுது. ஆயுசுக்கும் ஒரு மாத்திரை போட்டுக்கணும், அவ்வளவுதான்."

"என் குரல்?" என்றாள் வெண்கலம்.

"குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பின்னாடிதான் ஓடுது, ரெண்டு பக்கமும். ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். சில பேருக்குக் குரல் கம்மும். பெரும்பாலும் சரியாயிடும்."

"பாக்கறதுக்கு மாதிரின்னு சொன்னீங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாதா?"

"பெரும்பாலும் அதுவாத்தாம்மா இருக்கும்."

அவள் எழுந்து நின்றாள். "குத்திப் பாக்காத மூட்டையை நான் ஏலம் விடறதில்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். மருத்துவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார்.

வீடு வந்து சேர்ந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே சண்டை தொடங்கியது. கட்டியில் ஊசி வைத்தால் அது உடம்பு முழுக்கப் பரவிவிடும் என்று நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றார். அவர் கடைக்கு வரும் ஒரு அம்மாவுடைய சம்பந்திக்கு அப்படித்தான் ஆயிற்றாம். "சும்மா கிடக்கறதைக் குத்திக் கிளப்பிவிடாதே. வெட்டி எறிஞ்சுட்டு நிம்மதியா இரு."

"வெட்டச் சொல்றது சுலபம் அண்ணி. கழுத்து என்னுது."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்!"

"நல்லதுன்னு தெரிஞ்சு சொல்றீங்களா, பயத்துல சொல்றீங்களா?"

நாத்தனார் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அது பரவாயில்லை. அதற்குப் பிறகு எடைக்காரர் வாயைத் திறந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா சொல்றபடியே எடுத்துடலாம்னு எனக்கும் தோணுது. குரல் போனா போகட்டும். நீ இருந்தா போதும் எனக்கு."

"குரல் போனப்புறம் இருக்கறது யாரு?" என்றாள். "முறத்தைத் தூக்கிட்டு மறுபடியும் மூலையில உக்காரச் சொல்றீங்களா? அதுல என்ன கேவலம்னு கேப்பீங்க. கேவலம் இல்ல. ஆனா நான் அங்கேருந்து எந்திரிச்சு வந்தவ. கேன்சர்னு தெரிஞ்சா வெட்டிக்கறேன், குரலையும் சேத்துக் குடுக்கறேன். தெரியாமயே குடுன்னா எதுக்குக் குடுக்கணும்? யாரோ பாக்கறதுக்கு மாதிரி இருக்குன்னு சொன்னதுக்கா?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை, அதனால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. அவர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைக் குடிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மண்டிக்குப் போகாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள், தனியாக.

அங்கே ஊசிப் பரிசோதனை செய்கிறவர் ஒரு பெண் மருத்துவர். தடித்த கண்ணாடி, சிடுசிடுத்த முகம். முகத்துக்கும் மனசுக்கும் சம்பந்தமில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. வெண்கலம் தன் கேள்விகளை மூட்டை அடுக்குவது போல வரிசையாக இறக்கினாள். ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே, ஊசி எதற்கு? ஊசி போதுமென்றால் ஸ்கேன் எதற்கு? குத்தினால் பரவுமா?

"எந்தக் கட்டியைக் குத்தணும், அதுல எந்த இடத்துல குத்தணும்னு ஸ்கேன் சொல்லும்" என்றார் ஊசி மருத்துவர். "கழுத்துல வேற எங்கயாவது போயிருக்கான்னும் காட்டும். ஆனா அது வெளித்தோற்றம்தான். உள்ள இருக்கற செல் நல்லதா கெட்டதான்னு ஊசியில எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் தெரியும். நிறைய கட்டி பாக்க பயங்கரமா இருக்கும், எடுத்துப் பாத்தா ஒண்ணும் இருக்காது. சிலது நேர்மாறா. ரெண்டையும் சேத்து வச்சுத்தான் முடிவு எடுக்கணும். ஊசியும் கடவுள் இல்ல, சில சமயம் அதுக்கும் சொல்லத் தெரியாது. பரவறதா? இவ்வளவு மெல்லிசு ஊசியில அதெல்லாம் அபூர்வத்துலயும் அபூர்வம். அந்தப் பயத்துல தெரியாம இருக்கறதுதான் ஆபத்து."

"எத்தனை இடத்துல குத்துவீங்க?"

"மூணு நாலு இடத்துல. ஏன்?"

"இல்ல, ஒரே இடத்துல குத்தி ஏமாந்துடக் கூடாது பாருங்க."

மருத்துவர் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கும் அது தெரியும்மா. படுங்க."

தோளுக்கு அடியில் தலையணை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, அசையக் கூடாது. பக்கத்தில் ஸ்கேன் திரையில் கட்டி தெரிந்தது. அவ்வளவு தூரம் வீறாப்பாக வந்தவள், ஊசியைக் கண்ணால் பார்த்ததும் கையைக் கட்டிலில் அழுத்திக்கொண்டாள். பயம் வந்தால் அவள் எப்போதும் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். வாயைத் திறக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மருத்துவர் மட்டும் "அசையாதீங்க… அசையாதீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எங்கே அசைந்தேன் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

முடிவு வந்தது. முடிவு என்று சொல்லவும் முடியாது. வெறும் ரத்தம்தான் வந்திருக்கிறது, செல்கள் போதவில்லை, ஒன்றும் சொல்வதற்கில்லை என்று இருந்தது.

செய்தி நாத்தனாருக்கு எட்டியது. அன்று மாலையே வந்துவிட்டார். "பாத்தியா? குத்தியும் தெரியல. அந்த டாக்டர் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. வீம்புக்குக் கழுத்தை ஊசிக்குக் குடுத்ததுதான் மிச்சம்." வெண்கலத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஏலத்தில் அவளைவிட உரக்கக் கேட்டவர் ஜெயித்துவிட்டது போல இருந்தது.

மறுபடியும் ஊசி மருத்துவரிடம் போனாள். இந்த முறை எடைக்காரர் கூட வந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

"அன்னைக்கு நீங்க பேசினீங்களா?" என்றார் மருத்துவர்.

"இல்லவே இல்ல டாக்டர்."

"அப்போ நான் ஊசி வைக்கற நேரமெல்லாம் திரையில கட்டி ஏன் ஏறி இறங்கிச்சு? எலியைத் துரத்தற மாதிரி துரத்திட்டு இருந்தேன்."

வெண்கலம் யோசித்தாள். பிறகு அவளுடைய முகம் மெல்ல மாறியது. எடைக்காரருக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏலம் விட்டுட்டேன் டாக்டர்" என்றாள். "மனசுக்குள்ளதான். பயம் வந்தா அப்படி ஒரு பழக்கம்."

சிடுமூஞ்சி மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, சில வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். "அன்னைக்கு உள்ளேயும் கடை அடைப்பு. முடியுமா?"

முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் படுத்துப் பழகிப் பார்த்தாள். மூச்சை அடக்கினாள், விட்டத்தைப் பார்த்தாள், வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். எங்கே சுற்றினாலும் தொண்டை தன் பாட்டுக்கு ஒருதரம், ரெண்டுதரம் என்று ஏறி இறங்கியது. இவ்வளவு காலம் சோறு போட்ட தொண்டை, இப்போது சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது. எடைக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தார். கட்டில் முனையில் நின்று உள்ளங்கையை உயர்த்தினார்.

தொண்டை நின்றது.

அவர் கையை இறக்கவில்லை. முள் ஆடி நிற்கும்வரை பொறுக்கிறவர் போல அப்படியே நின்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நான் ஒருநாளும் முள் நிக்காம எடை சொன்னதில்ல. உனக்கு மட்டும் ஏன் சொன்னேன்னு தெரியல."

இரண்டாவது ஊசிக்குப் போன அன்று, ஆண்களை உள்ளே விடுவதில்லை என்று ஊசி அறை நர்ஸ் வழி மறித்தார். "அவர் எடைக்காரர், அவர் இல்லாம வேலை நடக்காது" என்றாள் வெண்கலம், அதே மண்டிக் குரலில். நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து மருத்துவர், "விடுங்க, விடுங்க, இல்லேன்னா ஆஸ்பத்திரியையே ஏலம் விட்டுடுவாங்க" என்றார். எடைக்காரர் அவள் கண்ணுக்கு எதிராகப் போய் நின்றார். கை உயர்ந்தது. ஊசி போனது, வந்தது, வேறு இடத்தில் போனது, வந்தது. திரையில் கட்டி ஆணி அடித்தது போல நின்றது. வலித்தது, கண்ணோரம் தண்ணீர் வழிந்தது, ஆனால் தொண்டை அசையவில்லை. மருத்துவர் ஊசியை வைத்துவிட்டு "ஆச்சு" என்ற பிறகுதான் கை இறங்கியது.

கேன்சர்தான்.

ஊசி மருத்துவர் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். தைராய்டில் வருகிற வகைகளிலேயே நிதானமாக நகர்கிற வகை என்றார். கட்டி சின்னது, ஒரு பக்கம்தான், கழுத்தில் வேறு எங்கும் போகவில்லை என்று மறுபடி ஸ்கேன் வைத்துப் பார்த்துச் சொன்னார். அதே ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர் ஸ்கேனையும் ஊசி முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பாதியை மட்டும் எடுத்தால் போதும், மறு பாதியைத் தொட வேண்டாம் என்றார். வெண்கலம் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பயத்தோடுதான் வீட்டுக்கு வந்தாள்.

நாத்தனார் காத்திருந்தார். கேட்டதும் அழுதார், அழுதுகொண்டே, "நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார்.

"சொன்னீங்க அண்ணி. தெரிஞ்சு சொல்லல" என்றாள் வெண்கலம். "முழுசையும் வெட்டச் சொன்னீங்க. இப்போ பாதிதான். ஒரு பக்கத்து நரம்பு கிட்ட கத்தியே போகாது. இப்போ வெட்டட்டும், நானே படுத்துக்கறேன். எதுக்குப் படுக்கறோம்னு எனக்குத் தெரியும்."

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அறுவைக்கு முந்தின நாள் கழுத்து உரசாத மாதிரி மெல்லிய துணியில் இரண்டு சட்டை தைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் கேட்கவில்லை, இவளும் எதிர்பார்க்கவில்லை.

மயக்கம் தெளிந்தபோது கழுத்தில் கட்டு, தொண்டைக்குள் மணல் அள்ளிப் போட்டது போல எரிச்சல். அறுவை மருத்துவர் கட்டிலோரம் வந்து குனிந்தார். பின்னால் ஊசி மருத்துவரும் நின்றிருந்தார், வேலை இல்லாத இடத்தில் எட்டிப் பார்க்கிறவர் போல. வாசலில் எடைக்காரர், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நாத்தனார். எல்லாரும் எதற்காக நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாயிலிருந்து இனி என்ன வரும் என்று அவளுக்கும் தெரியாது. ஒரு காலத்தில் அந்த ஏலக்காரர் வாயைத் திறந்து வெறும் காற்றை விட்டது ஞாபகம் வந்தது.

"அவசரமில்லம்மா. மெதுவா உங்க பேர் சொல்லுங்க பாப்போம்."

அவள் எச்சிலை விழுங்கினாள். வலித்தது.

"ஒருதரம்" என்றாள்.

சாக்கைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். ஆனால் சத்தம். எடைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டுதரம்."

இது கொஞ்சம் தெளிவாக வந்தது. அடியில் எங்கேயோ பழைய வெண்கலம் லேசாகத் தட்டுப்பட்டது. மருத்துவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். "ம், அப்புறம்?"

வெண்கலம் வாயை மூடிக்கொண்டாள். தலையைத் திருப்ப முடியாததால் கண்ணை மட்டும் மெல்லத் திருப்பி, அந்த அறையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் பார்த்தாள்.

"என்னம்மா, வலிக்குதா? இன்னொண்ணு சொல்லுங்க."

"சொல்ல மாட்டா டாக்டர்" என்றார் எடைக்காரர் வாசலிலிருந்து. கண்ணீரைத் துடைக்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தார். "இன்னும் விலை படியல."